ஏழு வரிச் செய்திக்கு ஒரு திருத்தம்

மகனே, எஸ்தர் பதினொரு நாளாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பசித்தால் தட்டைக் காட்டுகிறாள். தாகம் எடுத்தால் தண்ணீர்ப் பானையருகே போய் நிற்கிறாள். காய்ச்சல் இல்லை, காதில் கோளாறு இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். இதெல்லாம் மருமகள் தங்கம் எழுதிய கார்டில் இருக்கிறது. சனிக்கிழமை பம்பாயில் தபாலில் சேர்த்த கார்டு நேற்று, புதன்கிழமை, வடசேரியில் என் கைக்கு வந்தது. பென்சிலால் எழுதியிருக்கிறாள். நீ விசாரித்ததாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதால் உனக்குத் தெரியாமல் எழுதினாள் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கடைசி மூன்று வரியில் இன்னொரு விஷயமும் இருந்தது. நீங்கள் மாதம் ஒருமுறை கூடும் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழா வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு நடக்கப் போகிறது. அதில் எஸ்தர் மேடையேறிப் பத்திரிகை வாசிப்பாள் என்று நீ பெயர் கொடுத்திருக்கிறாய். அவள் வாசிக்கிறாள் என்று போன வருஷம் வெளிவந்த செய்தித் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நண்பர்களுக்குக் காட்டுகிறாய். அந்தச் செய்தி உண்மையல்ல. அதை எழுதியவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ பாதியில் கடிதத்தைக் கீழே வைத்துவிடக் கூடும் என்பதால் முக்கியமானதை முதலிலேயே எழுதிவிட்டேன். மற்றதை நடந்த வரிசையில் சொல்கிறேன். நான் கண்டது வேறு, பிறர் சொன்னது வேறு என்று பிரித்துத்தான் முப்பத்தைந்து வருஷமாகப் பத்திரிகைக்கு எழுதி வருகிறேன். என் வீட்டு விஷயத்தில் ஒரே ஒருமுறை அப்படிப் பிரிக்கத் தவறினேன். அந்த ஒருமுறைக்கான தண்டனை உன் மகள் தலையில் விழுந்திருக்கிறது.

தங்கத்தை மார்புநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் நீ எஸ்தரைத் தோளில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து இறங்கினாய். அவளுக்கு அப்போது பதின்மூன்று மாதம். தாயின் மூச்சுக்காற்று பிள்ளைமேல் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ என்னிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாய். மறுநாள் போய்விட்டாய். உன் அம்மா இல்லாத வீட்டில் ஒரு கிழவனும் ஒரு கைக்குழந்தையும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் காலையில் வந்து சமைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டி மாலையில் போவாள் என்று ஏற்பாடு. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கும் போராட்டச் செய்திகளுக்காகக் கல்குளம், விளவங்கோடு என்று நான் அலைந்துகொண்டிருந்த வருஷம் அது. பல நாள் பாக்கியம் தன் வீட்டிலேயே அவளைப் படுக்க வைத்திருக்கிறாள். எஸ்தரின் முதல் வார்த்தைகளை நான் கேட்கவில்லை. பாக்கியம் கேட்டுச் சொன்னாள். ‘மீன்’ என்பதுதான் முதலில் தெளிவாக வந்தது என்கிறாள். தெருவில் கூடையோடு போகிறவர்கள் எல்லோரையும் அவள் அப்படித்தான் அழைத்தாளாம்.

நான் வீட்டிலிருந்த நாட்களில் நடந்ததை நானே பார்த்தேன். மாலை ஐந்தே கால் பஸ்ஸில் செய்திக் கட்டைக் கொடுத்தனுப்ப வேண்டும். எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாக்கியம் தவறாக இருக்கும். எஸ்தர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றரை வயதில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். நான் “கூட்டம் அமைதியாகக் கலைந்தது” என்பேன். மேஜைக்கு அடியிலிருந்து “கலைந்தது” என்று வரும். நான் “என்று தெரிகிறது” என்பேன்; “தெரிகிறது” என்று வரும். தெருவில் எல்லோரும் பேசுகிற பேச்சைப் பாக்கியத்திடம் கற்றாள். பத்திரிகைப் பேச்சை என்னிடம் கற்றாள். இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். ஒருநாள் சட்டி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, “பாலு இல்ல என்று தெரிகிறது” என்றாள். பாக்கியம் அடுப்பைவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

“ஏட்டி, ஆருக்குத் தெரியுது?”

“நமது நிருபருக்கு,” என்றாள் உன் மகள்.

உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். அதை உடனே உனக்கு எழுதினேன். நீ பதில் எழுதவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஒற்றை அறை என்று நீ ஓடிக்கொண்டிருந்தாய் என்பது தெரியும். ஆனாலும் அது என்னைத் தொட்டது என்பதை மறைத்தால் பின்னால் நான் செய்ததற்குக் காரணம் விளங்காது.

இனி வாசிப்பு விஷயம். பத்திரிகை வந்ததும் நான் அனுப்பியதில் எது ஏறியிருக்கிறது என்று தேடுவேன். ஏறியதைக் கத்தரியால் வெட்டி நோட்டில் ஒட்டுவேன். வெட்டிய பத்திரிகையில் ஜன்னல் போல ஓட்டை விழும். எஸ்தர் அதை முகத்தருகே பிடித்து என்னைப் பார்ப்பாள். தேடும்போது அவள் என் மடியில் இருப்பாள். என் செய்தி ஒவ்வொன்றும் ஊர்ப்பெயரோடு தொடங்கும் என்பது உனக்குத் தெரியும். இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆனபோது, ஒருநாள் எனக்கு முன்னால் அவள் விரல் போய் ஒரு பத்தியின் தலையில் நின்றது. “பாட்டாவுக்கது இங்க,” என்று என் செய்தியைக் காட்டினாள். நாகர்கோவில் என்ற சொல்லின் மேல் விரல் இருந்தது. நான் நம்பவில்லை. ஆறு நாள் சோதித்தேன். வேறு பத்திரிகையிலும் பார்த்தேன், பக்கத்தைத் திருப்பி வைத்தும் பார்த்தேன். ஐந்து நாள் சரியாகக் காட்டினாள். ஒருநாள் நாங்குநேரியின் மேல் விரலை வைத்தாள். இதுதான் உண்மை: உன் மகளுக்கு ஒரு சொல்லின் உருவம் தெரிந்திருந்தது. அதற்கு மேல், நான் வாசித்துக் காட்டிய நாலைந்து வரியைக் காது வழியே பிடித்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஒப்பித்தாள். இரண்டேகால் வயதுக்கு அது போதும். அதற்கு மேலே எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது உன்னிடமிருந்து ஒன்பது வாரமாகக் கடிதம் இல்லை. தங்கம் தேறிவருகிறாள் என்பதைக்கூட ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எஸ்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அப்பா நாளை வருவார் என்று தெரிகிறது,” என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வாசகசாலைக்குப் போவாய், மூன்று நாள் தாமதமாக வரும் நம் பத்திரிகையைப் புரட்டுவாய் என்று முன்பு எழுதியிருந்தாய். என் கடிதத்துக்குப் பதில் எழுதாதவன் பத்திரிகையையாவது படிப்பான் என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலைச் செய்திக் கட்டோடு ஏழு வரி சேர்த்தேன். “இவ்வூர் வடசேரியில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று பத்திரிகையைச் சரளமாக வாசித்துப் பார்ப்போரை வியப்பில் ஆழ்த்தி வருகிறது.” அப்படித் தொடங்கினேன். வயதைக் கூட்டினேன். நாங்குநேரியை விட்டுவிட்டேன். பார்ப்போர் என்று எழுதினேன். பார்த்தது நானும் பாக்கியமும் மட்டும். குழந்தை யாருடையது என்று எழுதவில்லை. உனக்குப் புரியும் என்று தெரியும்.

செய்தி வந்த மறுநாள் பாக்கியம் கடைத்தெருவில் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“அண்ணாச்சி, பிள்ளை வாசிக்குதுன்னு பேப்பர்ல போட்டியளாமே?”

“ஆமா.”

“அது நீங்க வாசிச்சதைக் கேட்டுல்லா சொல்லுது. கிளி பேசினா கிளி பள்ளிக்கூடம் போச்சுன்னு எழுதுவியளா?”

அவள் உள்ளே போய்ச் சட்டியைக் கழுவினாள். வழக்கத்தைவிட அதிகச் சத்தம் கேட்டது.

உன் கடிதம் எட்டாம் நாள் வந்தது. நாலு பக்கம். நீ எனக்கு எழுதியதில் அதுதான் நீளமானது. தங்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டாள், கிறிஸ்துமஸுக்கு இருவரும் வருகிறோம், பிள்ளையை அழைத்துப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். “என் மகள் உங்களைப் போல, அப்பா” என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணவில்லை. பொய் வேலை செய்துவிட்டது, மகனே. வேலை செய்த பொய்யை யாரும் திருத்துவதில்லை என்பதை மற்றவர்கள் விஷயத்தில் பல தடவை பார்த்திருக்கிறேன். என் விஷயத்திலும் அதுவே நடந்தது. இதற்கிடையே செய்தியைப் படித்துவிட்டு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் முன்னால் முன்பே வாசித்துப் பழக்கிய பக்கத்தையே அவள் கையில் கொடுத்தேன். இப்படி நாலு முறை செய்தேன். நாலாவது முறை அவள் தாளை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து நம் வீட்டில் பதினொரு பேர் இருந்தார்கள். உபதேசியாரும் இருந்தார். பம்பாயில் வாங்கிவந்த, பெரிய எழுத்தில் படம் போட்ட புத்தகத்தை நீ அவள் கையில் கொடுத்தாய். “வாசி மக்களே, எல்லாரும் கேக்கட்டும்,” என்றாய். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அவளுக்குத் தெரிந்த ஒரு சொல் அதில் எங்கும் இல்லை. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டுப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து, “பாட்டா, நீங்க முதல்ல,” என்றாள். எங்கள் முறை அதுதான். நான் வாசிப்பேன், அவள் சொல்வாள். நீ சிரித்து, “எனக்க முன்னால வெக்கமாட்டி?” என்றாய். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. இவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான் மிகைப்படுத்தி எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். பதினொரு பேர் இருந்தார்கள், உன் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்று சொன்னேன். அப்போது காலை பதினொன்றரை மணி. எஸ்தர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க நான் முயலப் போவதில்லை. பாக்கியம் மட்டும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் நீங்கள் மூவரும் கிளம்பினீர்கள். அதற்குப் பின் நடந்ததை நான் பார்க்கவில்லை. தங்கத்தின் கடிதங்கள் சொல்வதுதான். தினம் மாலையில் ஆபீஸிலிருந்து வந்ததும் புத்தகத்தை அவள் முன் விரித்து வைக்கிறாய். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. அவள் வாசிக்காவிட்டால் நீ பேசாமல் போய்ப் படுத்துக்கொள்கிறாய். அவள் பிடிவாதம் பிடிக்கிறாள், பாட்டாவிடம் வாசித்தவள் என்னிடம் வாசிக்கமாட்டேன் என்கிறாள் என்று வருந்துகிறாய். சித்திரையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாளாம். ஆடியில் அதுவும் குறைந்ததாம். இப்போது பதினொரு நாள். முந்திய இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் எழுதினேன். போகப் போகச் சரியாகும் என்று எழுதினேன். சரியாகாது என்று எனக்குத் தெரியும். இல்லாத ஒன்றை அவளிடம் கேட்கிறீர்கள். தன்னிடம் அது இல்லை என்று சொல்ல அவளுக்கு இன்னும் வார்த்தை கிடையாது.

நீ பேசாமல் போய்ப் படுத்துக்கொள்கிறாய் என்ற வரியை வாசித்தபோது, உன் ஐந்தாம் வயதில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. உனக்கு நினைவிருக்குமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுப் பள்ளி ஆண்டு விழாவில் வசனம் சொல்ல மேடையில் நின்றாய். ஒரு மாதம் நான் உன்னைப் பழக்கியிருந்தேன். மூன்றாம் வரியில் மறந்துபோயிற்று. முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாய். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். கோயிலிலிருந்து வீடு வரும் வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ என் விரலைப் பிடிக்க இரண்டு தடவை கையை நீட்டினாய். நான் குடையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சொன்னாள்: “ரெண்டு அடி குடுத்திருந்தா பய அழுதுட்டு மறந்திருப்பான். நீங்க பேசாம வந்ததை அவன் மறக்கமாட்டான்.” அதன் பின் நீ எந்த மேடையிலும் ஏறவில்லை. நீ அதிகம் பேசாதவன் என்று ஊரில் சொல்வார்கள். பிறவியிலேயே அப்படி என்று நானும் சொல்லியிருக்கிறேன். அன்று வரை நீ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் இந்தப் பிள்ளையோடு பதினெட்டு மாதம் இருந்தவன் என்ற முறையில், கண்டதைச் சொல்கிறேன். அவளிடம் எதையும் வாசிக்கச் சொல்லாதே. நீ வாசி. உனக்காக வாசி, ஆபீஸ் காகிதமானாலும் சரி, வீட்டு வாடகை ரசீதானாலும் சரி, வாய்விட்டு வாசி. அவள் எங்கே இருக்கிறாள் என்று திரும்பிப் பார்க்காதே. என் மேஜைக்கு அடியில் அவள் வந்து உட்கார்ந்தது நான் கூப்பிட்டதால் அல்ல. ஒரு வாக்கியம் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்து. அவள் சொன்னால் சொல்லட்டும். சொல்லாவிட்டால் அடுத்ததற்குப் போ. சொன்னால் தங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டாதே, எனக்கு எழுதவும் வேண்டாம். சொல்லாத நாளிலும் அவளிடம் பேசு. முக்கியமாக, கோபம் வந்தாலும் பேசு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் நாகர்கோவிலில் மழை பெய்கிறது என்று சொல். இந்த வாரம் உண்மையாகவே பெய்கிறது.

அவள் போன பிறகும் மாலையில் செய்தியை உரக்க வாசித்துத்தான் அனுப்புகிறேன். வாக்கியம் முடியும் இடத்தில் என்னையறியாமல் நிறுத்துகிறேன். பாக்கியம் இப்போது ஒருவேளைதான் வருகிறாள். போன வாரம் அவள் கதவருகே நின்று, “இன்னும் ஆருக்கு நிறுத்துதிய, அண்ணாச்சி? வாசிச்சு முடியுங்க, பஸ் போயிரும்,” என்றாள். இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. ஒன்பது வாரம் கடிதம் வராத மனிதன் என்னென்ன செய்வான் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்குத் தனிமை இருந்தது உண்மை. அதைத் தனிமை என்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். குழந்தையின் பெயரில் செய்தியாக எழுதியிருக்கக் கூடாது.

உன்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது. நீ அந்தத் துண்டைப் பலருக்குக் காட்டியிருக்கிறாய். அச்சில் செய்த தவறை அச்சில்தான் திருத்த வேண்டும். ஆகவே கார்டு வந்த அன்றே, நேற்று மாலைச் செய்திக் கட்டோடு, என் பெயர் போட்டு இதை அனுப்பிவிட்டேன்: “வடசேரியில் இரண்டரை வயதுக் குழந்தை பத்திரிகை வாசிப்பதாகச் சென்ற ஆண்டு வெளிவந்த செய்தி சரியல்ல. அக்குழந்தைக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். மற்றவை அதன் பாட்டா வாசிக்கக் கேட்டு அது சொன்னவை. செய்தியை எழுதி அனுப்பியவர் அந்தப் பாட்டாவே. தவறு அவருடையது, குழந்தையுடையது அல்ல.”

ஆசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை. நவம்பர் முதல் தேதி தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்வது பற்றிய செய்திகளுக்கே பத்திரிகையில் இடம் போதவில்லை. யாரும் கேட்காத பழைய செய்திக்குத் திருத்தம் எதற்கு என்று அவர் ஒதுக்கிவிடக் கூடும். போட்டால் சனிக்கிழமைப் பதிப்பில் வரும். உங்கள் வாசகசாலைக்குச் செவ்வாய்க்கிழமை வந்து சேரும். இந்தக் கடிதம் இன்றைய பஸ்ஸில் போனால் திங்கட்கிழமை உன் கையில் இருக்கும். விழா அதற்கடுத்த ஞாயிறு. அவள் பெயரை நீ எடுத்துவிடுவாயா என்பது எனக்குத் தெரியாது. என்னை என்ன நினைப்பாய் என்பதும் தெரியாது. இரண்டாவதற்கு அவசரமில்லை. எஸ்தர் பேசினாளா என்று மட்டும் ஒரு வரி எழுது. திங்கட்கிழமையே தபாலில் சேர்த்தால் வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைக்கும். அன்று தபால்காரர் வந்து போகும் வரை நான் வெளியே எங்கும் போகப் போவதில்லை.